சாக்ரடீசின் செந்தமிழும் இராசராசனின் ‘குடுத்தன’வும்

1956-இல் வெளிவந்த ‘ராஜா ராணி’ திரைப்படத்தில் ஏதென்ஸ் நகரத்துச் சாக்ரடீஸ் அடுக்குமொழியில் செந்தமிழ் பேசினார். 1958-இல் வெளிவந்த ‘யஹூதி’ திரைப்படத்தில் ரோமாபுரி இளவரசன் மார்க்கஸ் உருதுவில் காதல் மொழிந்தான். 1960-இல் வெளிவந்த ‘ஸ்பார்டகஸ்’ படத்தில் ரோமானியப் பிரபுக்கள் இலண்டன் நாடக மேடையின் ஆங்கிலத்திலும், அவர்களை எதிர்த்து எழுந்த அடிமைகள் பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலத்திலும் பேசினார்கள். நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று நாட்டுத் திரைகளில் பழைய உலகம் மூன்று மொழிகளில் வாய் திறந்தது. அந்த மனிதர்கள் உண்மையில் பேசிய கிரேக்கமோ இலத்தீனோ எந்தத் திரையிலும் ஒலிக்கவில்லை. பார்வையாளர் அதை ஒரு குறையாகக் கருதவும் இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த பழங்கால வரலாற்றுப் படங்களைப் பற்றி எழுதுவோர் பொதுவாக அரண்மனை அமைப்புகளையும், ஆயிரக்கணக்கான துணை நடிகர்களையும், தேர்ப் பந்தயங்களையும் பேசுவார்கள். அந்தப் படங்கள் கட்டி எழுப்பிய மொழியைப் பற்றிய பேச்சு குறைவு. தமிழைப் பொறுத்தவரை அந்த மொழிதான் அவை விட்டுச்சென்ற மிகப் பெரிய சொத்து. மிகப் பெரிய சிக்கலும் அதுவே.

ஹாலிவுட்டில் இவ்வகைப் படங்கள் பெருகியதற்கு ஒரு வணிகக் காரணம் உண்டு. வீட்டுக்கு வீடு நுழைந்துகொண்டிருந்த தொலைக்காட்சியால் காட்ட முடியாத பிரமாண்டத்தைத் திரையரங்கில் காட்டியாக வேண்டியிருந்தது. 1951-இல் ‘குவோ வாடிஸ்’, 1953-இல் சினிமாஸ்கோப்பில் வெளிவந்த முதல் படமான ‘தி ரோப்’, 1956-இல் ‘டென் கமாண்ட்மென்ட்ஸ்’, 1959-இல் ‘பென்ஹர்’ என்று வரிசை நீண்டது. இவற்றுள் பலவற்றில் ஒரு மொழி வழக்கம் தெரிகிறது. கொடுங்கோலனுக்குப் பிரிட்டானிய நாவு. நல்லவனுக்கு அமெரிக்க நாவு. ‘குவோ வாடிஸ்’ படத்தில் நீரோவாக வந்தவர் ஆங்கிலேயரான பீட்டர் உஸ்தினாவ். நாயகன் ராபர்ட் டெய்லர் அமெரிக்கர். ‘ஸ்பார்டகஸ்’ படத்தில் ரோமானிய மேட்டுக்குடியினர் லாரன்ஸ் ஒலிவியரும் சார்லஸ் லாட்டனும். அடிமை கிர்க் டக்ளஸ். பேரரசு ஒன்றிலிருந்து விடுபட்டுத் தானே வல்லரசாகிவிட்ட ஒரு நாடு, தன் பழைய எசமானரின் உச்சரிப்பை ரோமாபுரிக்குக் கொடுத்துவிட்டது. கதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது. காது இருபதாம் நூற்றாண்டினது.

பம்பாயிலும் இதே வேலை நடந்தது, வேறு கணக்கில். அந்தக் கணக்கின் முகவரிகளில் ஒன்று மாட்டுங்கா. 1941-இல் சோராப் மோடி இயக்கிய ‘சிகந்தர்’ படத்தில் மாவீரன் அலெக்சாந்தராக நடித்த பிருதிவிராஜ் கபூர் மாட்டுங்காவில் குடியிருந்தவர். அதே பிருதிவிராஜ் 1965-இல் ‘சிகந்தர்-ஏ-ஆசம்’ படத்தில் போரஸ் மன்னனாக வந்தார். இளமையில் கிரேக்கனாகப் படையெடுத்தவர், முதுமையில் இந்திய மன்னனாக அந்தப் படையெடுப்பை எதிர்த்து நின்றார். மாட்டுங்காவுக்குக் கிழக்கே செம்பூரில் ஹோமி வாடியாவின் பசந்த் ஸ்டூடியோ புராண உலகங்களைப் பிளாஸ்டரிலும் தந்திரக் காட்சியிலும் உருவாக்கிக்கொண்டிருந்தது. 1948-இல் ராஜ் கபூர் நிறுவிய ஆர்.கே. ஸ்டூடியோவும் அதே செம்பூரில்தான் இருந்தது.

பம்பாய்த் திரையில் பழங்காலத்துக்குப் பெரும்பாலும் இரு மொழிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. மேற்கிலிருந்து வந்த பழங்காலம் உருது பேசியது. பிமல் ராய் இயக்கிய ‘யஹூதி’ அதற்கு நல்ல சான்று. ஆகா ஹஷ்ர் காஷ்மீரியின் பார்சி நாடக மேடைப் படைப்பை அடியொற்றிய அப்படத்தில் திலீப் குமார் ரோமானிய இளவரசனாகவும், சோராப் மோடி யூதப் பெரியவர் எஸ்ராவாகவும் வந்தனர். ரோமாபுரியின் பளிங்குத் தூண்களுக்கு நடுவே ஒலித்த நீண்ட உருது வசனங்கள் பார்சி நாடகக் கொட்டகையிலிருந்து நேரே வந்தவை. மறுபுறம் இந்துவும் பௌத்தரும் வாழ்ந்த பழங்காலம் வடமொழிச் சொற்கள் செறிந்த இந்தி பேசியது. லேக் டாண்டன் இயக்கத்தில் 1966-இல் வந்த ‘ஆம்ரபாலி’ அவ்வகை. வைசாலியின் அரசவை நடனமாதாக நடித்தவர் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்த வைஜெயந்திமாலா. ஆடை வடிவமைத்த பானு அதையா அசந்தா ஓவியங்களை ஆராய்ந்து உடைகளை உருவாக்கினார். உடையில் இத்தனை வரலாற்றுப் பொறுப்புக் காட்டிய படம் மொழியில் அப்படிக் காட்டவில்லை. காட்டவும் முடியாது. புத்தர் காலத்து வைசாலியில் மக்கள் பேசியது பிராகிருதத்தின் கீழைக் கிளை. சமற்கிருதம் தோய்ந்த இந்தி அங்கே எவர் வாயிலும் இருந்திருக்க வழியில்லை.

இந்தப் படங்கள் வந்த ஆண்டுகளின் அரசியலை இங்கே நினைவுகூர வேண்டும். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. பம்பாய் நகரம் எந்த மொழியினருக்கு என்ற கேள்வி நீண்ட போராட்டமாகி, 1960 மே 1 அன்று மகாராட்டிரம் பிறந்தது. 1965 சனவரியில் சென்னை மாகாணத்தில் இந்தி எதிர்ப்புப் போர் மூண்டது. ஒவ்வொரு மொழியும் தனக்கு ஒரு பழைய அரியணையைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே திரையில் அமர்ந்த அரசன் எந்தச் சொல்லைத் தேர்ந்தான் என்பது வெறும் அலங்காரப் பிரச்சினை அன்று.

சென்னைத் திரையின் அரியணை மொழிக்கு அடித்தளம் இட்டவர் இளங்கோவன். 1930-களின் தமிழ்ப் பேசும்படங்களில் வடமொழி மிகுந்த நடையும் பிராமண வீட்டு வழக்கும் ஓங்கியிருந்தன. அரசனும் அப்படித்தான் பேசினான். முனிவரும் அப்படித்தான் பேசினார். தமிழ் அறியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘அம்பிகாபதி’ (1937), மௌரியப் பேரரசை நிலைக்களனாகக் கொண்ட ‘அசோக் குமார்’ (1941), ஜூபிடர் நிறுவனத்தின் ‘கண்ணகி’ (1942) ஆகியவற்றில் இளங்கோவனின் வசனம் அந்த நிலையை மாற்றியது. ‘கண்ணகி’யாக நின்று பாண்டியன் அவையை அதிரவைத்த பி. கண்ணாம்பாவின் தாய்மொழி தெலுங்கு. இது ஒரு முரண் போலத் தோன்றினாலும் முரணன்று. எவருடைய வீட்டிலும் பேசப்படாத ஒரு மொழியைத் தமிழ் வீட்டில் பிறந்தவரும் கற்றுத்தான் பேச வேண்டும். தெலுங்கு வீட்டில் பிறந்தவரும் கற்றுத்தான் பேச வேண்டும். அந்த மொழியின் முன் இருவரும் சமம்.

போர்க்காலத்தில் படச்சுருள் தட்டுப்பாட்டால் ஒரு படம் 11,000 அடிக்கு மேற்படக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதித்தது. போர் முடிந்தபின் அந்த அணை உடைந்தது. 1948-இல் எஸ்.எஸ். வாசனின் ‘சந்திரலேகா’ தமிழிலும் இந்தியிலும் வெளிவந்து பிரமாண்டத்தின் அளவுகோலை உயர்த்தியது. 1953-இல் ஜெமினியின் ‘ஔவையார்’ கே.பி. சுந்தராம்பாளின் குரலில் பல காலத்து ஔவைகளை ஒருவராக்கியது. அடுத்து, மேடைப் பேச்சால் வளர்ந்த திராவிட இயக்க எழுத்தாளர்கள் திரையின் பழங்காலத்தைத் தம் வசமாக்கினர். ‘ராஜா ராணி’யில் மு. கருணாநிதியின் எழுத்தில், படத்துக்குள் வரும் நாடகங்களாக, சிவாஜி கணேசன் சாக்ரடீசாகவும் சேரன் செங்குட்டுவனாகவும் நின்றார். ‘அன்னையின் ஆணை’யில் (1958) முரசொலி மாறனின் வசனத்தில் அதே நடிகர் அசோகச் சக்கரவர்த்தி ஆனார். 1964-இல் ‘பூம்புகார்’ வந்தது. ஏதென்ஸ், பாடலிபுத்திரம், வஞ்சி, புகார் என்ற நான்கு நகரங்களுக்கும் இந்தக் கால்நூற்றாண்டில் ஒரே தாய்மொழி வாய்த்தது: எதுகையும் மோனையும் மிடைந்த மேடைச் செந்தமிழ்.

இந்த மொழியை எள்ளுவது எளிது, அது நேர்மையாகாது. பள்ளிக்கூடத்தின் வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்கும் செந்தமிழ் காதுவழிச் சென்றடைந்தது இதனால்தான். சிலப்பதிகாரத்தைக் கையில் எடுத்திராதவர்கள் கண்ணகி வழக்குரைத்த கதையை வசனமாகவே மனப்பாடம் செய்தார்கள். படங்களின் கதைவசனப் புத்தகங்கள் விற்றன. ஒலித்தட்டில் வசனங்கள் திருமணப் பந்தல்களில் முழங்கின. புலவரின் மேசையில் இருந்த நடை தெருவுக்கு வந்தது. இது ஒரு சனநாயக நிகழ்வு.

பம்பாய்த் தமிழர்க்கு அதன் பொருள் இன்னும் ஒரு படி கூடுதல். மாட்டுங்காவில் அலுவலக வேலைக்கு வந்து குடியேறிய தமிழர்கள் 1932-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளியைக் கட்டினார்கள். 1963-இல் திறந்த சண்முகானந்தா அரங்கில் இசை கேட்டார்கள். தாராவியில் தோல் பதனிடும் வேலைக்கும் பிற உடலுழைப்புக்கும் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களுக்கு அத்தகைய நிறுவனங்கள் எளிதில் கிட்டவில்லை. இரு சாராருக்கும் நடந்துசெல்லும் தொலைவில் கிங்ஸ் சர்க்கிளில் அரோரா திரையரங்கு இருந்தது. தமிழ்ப் படங்களுக்குப் பெயர்பெற்ற அரங்கு அது. 1966-இல் சிவசேனை தோன்றி, தென்னிந்தியருக்கு எதிரான பரப்புரை எழுந்து, உணவகங்களும் கடைகளும் தாக்கப்பட்ட ஆண்டுகளில், வெளியே தமிழில் உரக்கப் பேசத் தயங்கிய ஒருவருக்கு இருட்டுக்குள் ஒரு மன்னன் தமிழில் கர்சிப்பதைக் கேட்பது வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்காது.

ஆனால் அந்தக் கர்சனையோடு ஒரு தராசும் சேர்ந்தே வந்தது. இவ்வகைப் படங்களில் அரசன், அரசி, அமைச்சர், புலவர் ஆகியோர் செந்தமிழ் பேசுவர். நகைச்சுவை நடிகர்கள் ஏற்கும் காவலன், வேலைக்காரி, ஊர்க்காரன் முதலியோர் பேச்சுவழக்கில் பேசி, அதனாலேயே சிரிப்பை வரவழைப்பர். மொழியியலார் ‘இரட்டை வழக்கு’ என்று குறிக்கும் நிலை தமிழுக்குப் புதிதன்று. சார்லஸ் பெர்குசன் அக்கருத்தை விளக்கிய புகழ்பெற்ற கட்டுரை 1959-இல்தான் வெளிவந்தது. தமிழில் நிலைமை அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. திரைப்படம் செய்தது வேறொன்று. இரண்டு வழக்குகளுள் ஒன்றுக்குத் தொன்மை என்ற மகுடத்தைச் சூட்டியது. செந்தமிழ் பழையது, தூயது. பேச்சுத்தமிழ் அது சிதைந்து வந்த எச்சம் என்ற எண்ணம் கொட்டகையில் அமர்ந்த ஒவ்வொருவர் உள்ளத்திலும் பதிந்தது. முன்வரிசைப் பெஞ்சில் அமர்ந்தவர் தம் நாவையே நகைச்சுவை நடிகரின் வாயில் கேட்டுச் சிரித்தார்.

அந்த எண்ணம் சரிதானா? திரைச் செந்தமிழைப் பழைய நூல்களோடு வைத்துப் பார்த்தால் விடை வேறாக வருகிறது.

திரையின் கோவலன் ‘நான்’ என்கிறான். சங்கப் பாடல்களில் தன்மை ஒருமை ‘யான்’. ‘நான்’ பரிபாடலில்தான் அரிதாகத் தலைகாட்டுகிறது. திரையில் எல்லாரும் ‘வருகிறேன்’, ‘கேட்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் உணர்ச்சி கொட்டுகின்றனர். அந்த நிகழ்கால இடைநிலை சங்க இலக்கியத்தில் அரிதினும் அரிது. அவையை நோக்கிய விளிகள் ‘பெரியோர்களே’, ‘அமைச்சர்களே’ என்று முடிகின்றன. தொல்காப்பியமோ ‘கள்’ விகுதியை அஃறிணைக்கே உரியதாகச் சொல்கிறது. பழைய மொழியில் வழங்கிய ‘உவன்’, ‘உது’ என்னும் இடைச்சுட்டு திரையில் ஒலிப்பதே இல்லை. அது யாழ்ப்பாணத்து வீடுகளில் பேச்சு வழக்காகவே உயிரோடிருக்கிறது.

எல்லாவற்றினும் கவனிக்கத்தக்கது மரியாதை. திரையில் குடிமகன் மன்னனைத் ‘தாங்கள்’ என்கிறான். ஒருமையில் ஒருவர் மன்னனை விளித்தால் அது சினத்தின் அடையாளம், கொட்டகை கைதட்டும். புறநானூற்றில் ‘நீங்கள்’ என்ற சொல்லே இல்லை. ஔவை அதியமானை ஒருமையில்தான் பாடுகிறார். புலவர் வேந்தனைப் பொதுவாக ‘நீ’, ‘நின்’ என்றே விளிக்கிறார். அங்கே அது சீற்றமன்று, இயல்பு. வேந்தனுக்கும் புலவனுக்கும் இடையே பிற்காலத்தில் மொழி எழுப்பிய படிக்கட்டுகளைத் திரைப்படம் பின்னோக்கிக் கொண்டுபோய்ச் சங்க காலத்தின் வாசலில் கட்டிவிட்டது. இளங்கோவடிகளின் காப்பியமோ வேட்டுவ வரிக்கும் ஆய்ச்சியர் குரவைக்கும் குன்றக் குரவைக்கும் தன் உடம்பிலேயே இடம் கொடுத்தது. வேட்டுவரும் ஆயரும் குறவரும் அங்கே சிரிப்பூட்ட வருபவர் அல்லர்.

அசோகனிடம் வருவோம். திரையின் அசோகன் எந்த மொழியில் பேசினாலும் அவன் ‘சாம்ராட்’. அவன் தன் கல்வெட்டுகளில் அப்பட்டத்தை ஏற்கவில்லை. தேவனாம்பிய பியதசி என்ற பெயரோடு அரசன் என்ற எளிய சொல்லை மட்டும் சேர்த்துக்கொண்டான். அச்சொல் கிர்நாரில் ரகரத்தோடு வருகிறது. தௌலியிலும் கால்சியிலும் ‘லாஜா’ என்று லகரத்தோடு வருகிறது. மகத நாட்டுக் கீழை வழக்கில் ரகரம் லகரமாகும். இலக்கணப் பண்டிதரின் காதுக்கு அது திரிபு. அந்தத் திரிபுதான் பேரரசனின் தலைநகர வழக்கு. சில இடங்களில் அந்தந்தப் பகுதி மக்களுக்கு விளங்கும் வடிவத்தில் எழுதச் செய்தான். கந்தகாரில் கிரேக்கத்திலும் அரமேயத்திலும் எழுதிய அவனது கல்வெட்டு 1958-இல், திரையில் சிவாஜி அசோகனாக முழங்கிய அதே ஆண்டில், உலகின் பார்வைக்கு வந்தது. பம்பாய்க்கு வடக்கே சோபாராவிலும் அவன் கல்வெட்டின் உடைந்த பகுதிகள் கிடைத்தன. அவற்றைப் பார்க்க வேண்டுவோர் பாடலிபுத்திரம் போக வேண்டாம். மும்பையின் சத்திரபதி சிவாஜி அருங்காட்சியகம் வரை சென்றால் போதும்.

1973-இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக ‘ராஜராஜ சோழன்’ வெளிவந்தபோது இந்தத் திரைமரபு அதன் உச்சிக்கும் முடிவுக்கும் ஒருசேர வந்துவிட்டது. அரு. இராமநாதனின் நாடகம், ஏ.பி. நாகராசனின் இயக்கம், சிவாஜியின் குரல். சோழர் காலம் பழங்காலமன்று, இடைக்காலம். ஆயினும் இந்த மரபைச் சோதித்துப் பார்க்க அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. ஏனெனில் அந்த மன்னனின் சொற்கள் கல்லில் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில், இராசராசனின் இருபத்தாறாம் ஆட்சியாண்டில், அவன் வாய்மொழியாக ஆணையிட்டு வெட்டுவித்த சாசனம் அது. கோயிலுக்குத் தான் அளித்தவை, தமக்கை அளித்தவை, அரசியர் அளித்தவை, மற்றவர் அளித்தவை அனைத்தையும் கல்லில் வெட்டுக என்பது ஆணை. திரையில் அந்த மன்னன் பேசியிருந்தால் ‘கொடுத்தன’ என்றோ ‘வழங்கியன’ என்றோதான் சொல்லியிருப்பான். கல்லில் இருப்பது ‘குடுத்தன’. தமக்கை குந்தவை அங்கே ‘அக்கன்’. ஓகரத்தின் குறிலான ஒகரம் உகரமாகும் அந்த ஒலிமாற்றத்தை, இன்றைக்குத் தாராவியில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் கேட்கலாம்: ‘அவங்க குடுத்தாங்க’, ‘எனக்குக் குடு’. பள்ளி ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தும் அந்த உகரம், இலங்கை வரை படை நடத்திய ஒரு பேரரசனின் ஆணையில் திருத்தப்படாமல் ஆயிரம் ஆண்டுகளாக நிற்கிறது.

இதனால் திரைச் செந்தமிழ் பொய் என்றாகாது. அது உண்மையில் இருபதாம் நூற்றாண்டின் சாதனை. மணிக்கொடிக் காலத்து உரைநடையும், மேடைப் பேச்சும், மொழிப் போராட்டமும் சேர்ந்து உருவாக்கிய புதுமொழி. அதைப் புதியது என்று ஒப்புக்கொண்டால் அதன் பெருமை குறையாது, கூடும். பழையது என்று நம்பும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. அந்த நம்பிக்கையின் விலையைச் செலுத்துபவர்கள் மும்பையில் இன்னும் இருக்கிறார்கள். மாநகராட்சி எட்டு மொழிகளில் நடத்தும் பள்ளிகளில் தமிழும் ஒன்று. அங்கே படிக்கும் பிள்ளையும், ஆங்கிலப் பள்ளிக்குப் போய்த் தெருவில் இந்தியும் வீட்டில் நெல்லைத் தமிழும் பேசும் பிள்ளையும், ஊரிலிருந்து வந்தவர் முன் வாய் திறக்கத் தயங்கி, ‘எங்க தமிழ் சுத்தமா இருக்காது’ என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கின்றனர். எந்தத் தமிழோடு ஒப்பிட்டு அந்த மன்னிப்பு? பெரும்பாலும் திரையிலும் மேடையிலும் கேட்ட தமிழோடு.

2022-இல் ‘பொன்னியின் செல்வன்’ வெளிவந்தபோது சோழர்கள் முன்போல முழங்கவில்லை. வசனம் தாழ்ந்த குரலில், எளிய நடையில் இருந்தது. அது போதிய அளவு ‘பழைய தமிழாக’ இல்லை என்று வருந்தியவர்கள் உண்டு. அவர்கள் ஏங்கியது பத்தாம் நூற்றாண்டுத் தமிழுக்கு அன்று, 1950-களின் தமிழுக்கு. அந்த ஏக்கத்தில் தவறொன்றுமில்லை. அதன் வயது எவ்வளவு என்று தெரிந்திருந்தால் போதும். அதைவிட மூத்த சொல் ஒன்று தாராவியின் சந்துகளில் நாள்தோறும் புழங்குகிறது. அதைச் சொல்பவர்களுக்குத்தான் அது தெரியாது.